கவினுக்கு மலை முழுக்க அம்மா

என் நாவலுக்காக நடந்த முதல் சண்டை எந்த இலக்கியக் கூட்டத்திலும் நடக்கவில்லை. திம்புள்ளைப் பக்கம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், பனி விலகாத ஒரு காலையில் பெரட்டுக் களத்தில் நடந்தது. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கியிருப்பேன்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடுவது. கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அன்றைக்கு எந்த மலை, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார். நிரை என்பது தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருத்தி கொழுந்து பறித்துக்கொண்டே போகும் வரிசை. நல்ல கொழுந்து நிற்கும் நிரைக்குப் போட்டி வருவது வழக்கம்தான். அன்று வந்தது வேறு போட்டி.

"புஷ்பத்துக்குப் பக்கத்து நெர எனக்கு!"

"நேத்தும் நீதானே நின்ன? இன்னைக்கி நான்."

"ஒனக்குத்தான் காது கேக்காதே, நீ எங்க நின்னா என்னா?"

கங்காணி ராமையா அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புஷ்பத்துக்குப் பக்கத்து நிரை பள்ளமும் சறுக்கலுமானது. யாரும் கேட்டு வாங்குகிற இடமில்லை.

"அங்க என்னாங்கடி வச்சிருக்கு?" என்று கத்தியிருக்கிறார்.

"கதை இருக்கு அண்ணே," என்றாளாம் ஒருத்தி.

அந்தக் கதை என் நாவல். 'இடுப்பில் தம்பி' என்று பெயர். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், தாய் இல்லாத வீட்டைத் தூக்கிச் சுமக்கும் பிள்ளைகளின் கதை. அது அச்சாகி வந்து, வாங்க ஆளில்லாமல் பெட்டி பெட்டியாக என் கட்டிலுக்கு அடியில் கிடந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் சொல்லி மூக்கைச் சிந்தினேன். சிலர் ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் ஆறுதல் வேண்டாம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து மலைக்கு

புஷ்பம் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். நான் படித்து ஆசிரியையாகி, நுவரெலியாவில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்; வீடு நானுஓயாவில். அவள் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். நாவலின் முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துப் போனில் கேட்டேன். "வாசிச்சியாடி?"

"வாசிச்சுக்கிட்டேதான் இருக்கேன். மூணாவது பக்கத்துல நிக்கிறேன்."

அடுத்த மாதம் கேட்டேன். அப்போதும் மூன்றாவது பக்கத்தில்தான் நின்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கோவிச்சுக்காத சரோ. வேலை முடிஞ்சு வந்து ஒலை வச்சு எறக்கி ஒக்காந்தா கண்ணு தானா மூடுது. ஒன் எழுத்து வேற பொடிப்பொடியா இருக்கு. நீயே வாசிச்சு போன்ல அனுப்பிவிடேன். மலையில கேட்டுக்கிறேன்."

எழுத்தாளர் என்கிற கௌரவம் அரை நாள் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். தினமும் ஓர் அத்தியாயம். என் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் நடுவில் ரயில் கத்தும். கத்தி முடிக்கிற வரை நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதையும் சேர்த்து அப்படியே அனுப்பிவிடுவேன்.

புஷ்பம் போனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுச் சத்தமாக வைத்துக்கொண்டு பறிப்பாள். இரண்டு பக்கத்து நிரைக்காரிகளுக்கும் கேட்கும். அவர்கள் கேட்டதை அடுத்த நிரைக்குச் சொல்வார்கள். இப்படி மலையின் கடைசி நிரைக்குப் போய்ச் சேரும்போது என் கதையில் இல்லாத வசவுகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். கதையில் வரும் குடிகார அப்பனை நான் ஏதோ நாகரிகமாகத்தான் எழுதியிருந்தேன். கடைசி நிரையில் அவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பத்திரிகையில் எழுத முடியாது.

பெட்டியில் உறங்கிய புத்தகம் ஒரு மலை முழுவதும் நடந்துகொண்டிருந்தது! புஷ்பம் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். பெரட்டில் சண்டை என்று கேட்ட அன்று, வகுப்பில் பிள்ளைகளுக்குக் காரணமே சொல்லாமல் டொபி வாங்கிக் கொடுத்தேன்.

எங்களுக்குத் தம்பிதான் பொம்மை

நாவலின் நாயகி செல்வி யார் என்று வாசித்த சிலர் கேட்பதுண்டு. செல்வியில் முக்கால்வாசி புஷ்பம். மீதி நானும், எங்கள் லயத்தில் இருந்த மற்றப் பெண் பிள்ளைகளும்.

எங்கள் லயத்தில் விளையாட்டுச் சாமான் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தம்பியோ தங்கச்சியோ பிறந்து தலை நின்றதும் தூக்கி இடுப்பில் வைத்துவிடுவார்கள். அதோடுதான் பாண்டி ஆடுவோம். அதோடுதான் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குடம் எடுத்துப் போவோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து பழகி, இடுப்பில் பிள்ளை இல்லாத நேரத்திலும் சாய்ந்துதான் நடப்போம்.

புஷ்பத்தின் அம்மா செத்தபோது அவள் எட்டாம் வகுப்பு. அவளுக்குக் கீழே நான்கு பேர். அந்த வயதுக்கு அவள் குள்ளம்; அடுப்பு எட்டாது என்று மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று ரொட்டி சுடுவாள். சுட்டதைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் ஓடி வருவாள். சில நாள் கடைசித் தம்பியோடு வருவாள். அவன் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து என் சட்டை விளிம்பைச் சப்பிக்கொண்டிருப்பான். அந்தச் சட்டைக்காக என் அம்மாவிடம் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை.

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. நன்றாகச் சிரிப்பாள், நன்றாக அடிப்பாள், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பரீட்சை வருகிற வருஷம் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. தேடிப் போனேன். இஸ்தோப்புத் திண்ணையில் தம்பியை மடியில் போட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருசம் வாரேன் சரோ," என்றாள். அவ்வளவுதான். நாவலும் அந்த இடத்தில்தான் முடிகிறது.

அச்சு மாறாது

கடைசிக்கு முந்தின அத்தியாயம் மலைக்குப் போன அன்று எனக்குப் போன் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். போனுக்குள் காற்றும் பத்துப் பெண்களின் கூச்சலும் ஒன்றாக வந்தன.

"ஏ சரோ, அந்தப் புள்ளைய பரீட்சைக்கு அனுப்பப் போறியா இல்லையா?" மாரியாயி அக்காவின் குரல். அவள் எனக்கு மூத்தவள். தோட்டத்திலேயே பெரிய தொண்டை.

"நாளைக்கிக் கேட்டுக்கங்க அக்கா."

"நாளைக்கி வரைக்கும் எவ பொறுப்பா? இப்ப சொல்லு."

"அனுப்பல. அவ நின்னுடுறா."

போனுக்குள் ஒரே அமளி. "மாத்துங்க டீச்சர்!" என்று சின்னவள் ஒருத்தி கத்தினாள்.

"அச்சாயிருச்சும்மா. அச்சுல மாத்த ஏலாது."

"அச்ச யாரு மாத்தச் சொன்னா? வாயால மாத்தி வாசிங்க!"

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. நடந்ததைத்தான் எழுதினேன், பொய்யாகச் சந்தோஷப்படுத்த மாட்டேன் என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். பக்கத்தில் நின்ற லொத்தர் சீட்டு வியாபாரி இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார். அந்தப் பக்கம் அவர்களும் விடவில்லை.

அப்போதுதான் மாரியாயி அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"புஸ்தகத்துப் புள்ளைக்கு இந்தக் குதி குதிக்கிறோம். நம்ம தர்ஷினி நேத்து எம் மகள்கிட்ட கொம்பாஸ் பெட்டியக் குடுத்துட்டுப் போறா. ஏண்டின்னு கேட்டா, எனக்கு இனிமே வேணாங்கிறா."



பிந்தினால் அரைப்பேர்

தர்ஷினி மாரியாயி அக்காவின் லயத்தில் கடைசி வீடு. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பா மரக்கறி லொறியில் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உண்டு. மூன்று வயதுத் தம்பி கவினை வளர்ப்பது இவள்தான். அந்த வருஷம் ஓ எல் பரீட்சை, அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை.

புஷ்பம் அன்று மாலையே அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாள். பிள்ளை மறைக்காமல் சொல்லிவிட்டது. பரீட்சை மண்டபம் தலவாக்கலையில். விடிந்ததும் வரும் முதல் பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போக முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவோ, பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறும்போதுதான் திறக்கும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் கவினை யாரிடம் விடுவது? லயத்தில் எல்லோரும் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள். பிந்திப் போனால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான்.

"யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு பெரியம்மா," என்றாளாம். "ஒரு நாள்னா கேக்கலாம். பரீட்சை எத்தனையோ நாளு."

இவ்வளவு சின்ன விஷயம்! பஸ்ஸுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் நடுவிலுள்ள கொஞ்ச நேரம். அதில் ஒரு பிள்ளையின் படிப்பு மொத்தமும் விழுந்துவிட இருந்தது. கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்டத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கைப்பிள்ளைக்காரி பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வரலாம். முழுப்பேர் உண்டு. அடுத்த நாள் காலையில் புஷ்பம் கங்காணி முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

"அண்ணே, பரீட்சை முடியிற வரைக்கும் நான் கைப்புள்ளக்காரி. பிந்தித்தான் வருவேன்."

ராமையா அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். "ஒனக்கா? ஒம் மகளுக்கே இப்ப மாசம் நெருங்குதுன்னு கேள்விப்பட்டேன்."

"கவினு எனக்குப் புள்ள மாதிரிதான்."

"அப்ப எனக்கும் கைப்புள்ளதான்!" மாரியாயி அக்கா முன்னால் வந்தாள். "பக்கத்து வீட்டுக்காரி நான்தான்."

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருத்தியாக. கல்யாணமே ஆகாத இரண்டு பேர், பென்ஷனுக்குப் போக இருக்கும் ஒரு கிழவி, எல்லோருக்கும் கைப்பிள்ளை! கங்காணி தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு வயசுப் பயலுக்கு இத்தனை தாயாடி? தோட்டத்துத் தொர கேட்டா நான் என்னா சொல்றது? ஒருத்தி பிந்தலாம். ஒரே ஒருத்தி. அது யாருன்னு நீங்களே பேசி முடிச்சுக்கங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வினை இருந்தது.

யாரடி புள்ளகிட்ட நிக்கிறது?

பரீட்சைக் காலம் என்றால் மற்ற வகுப்புகளுக்கு விடுமுறை. முதல் நாள் பரீட்சைக்கு முந்தின மாலையே நான் தோட்டத்துக்குப் போய்ப் புஷ்பத்தின் வீட்டில் தங்கிவிட்டேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் அனுப்பாமல் நிறுத்திவைத்து, மலையிலேயே நின்று என் வாயால் வாசிப்பதாக ஒப்பந்தம். மாற்றி வாசிப்பேனா, மாட்டேனா என்பதை நான் சொல்லவில்லை. கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டேன்.

காலையில் புஷ்பம் நிதானமாக ரொட்டி சுட்டாள். தொட்டுக்கொள்ள மிளகாய்க் கட்டச்சம்பல் அரைத்தாள்.

"கவின்கிட்ட நீ போகலையா?" என்றேன்.

"மாரியாயிதான் பக்கத்து வீடு. அவதான் போவா. நான் இடையில போயி ஏன் அவளுக்குக் கோவத்தக் கெளப்புறது?"

பெரட்டுக் களத்துக்குப் போனோம். லேசான தூறல். எல்லோரும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். ராமையா அண்ணன் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். "மாரியாயி" என்றதும், "இருக்கேன்!" என்று அந்தப் பெரிய தொண்டை பதில் சொன்னது.

புஷ்பம் சடாரென்று திரும்பினாள். "அக்கா, நீங்க எப்பிடி இங்க?"

"நீ எப்பிடிடி இங்க? மொதல்ல கேட்டவ நீ, ஒனக்குத்தான்னு நான் விட்டுக் குடுத்துட்டு வாரேன்!"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லோரும் விட்டுக் கொடுத்திருந்தார்கள். அத்தனை தாய்மாரும் களத்தில் நிற்கிறார்கள், கவினிடம் ஒருத்தியும் இல்லை! பென்ஷன் கிழவி கூட, "நம்மள விடவா போறாளுக" என்று நினைத்து வந்துவிட்டிருந்தாள்.

களத்திலிருந்து பார்த்தால் கீழே ரோட்டு வளைந்து வளைந்து தெரியும். தூரத்து வளைவில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

ராமையா அண்ணன் கையிலிருந்த ஆள் பதியும் செக்ரோலை இடுக்கிக்கொண்டு போட்டார் ஒரு சத்தம். "என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஓடுங்கடி! பஸ்ஸ மறிங்க!"

ரோட்டில் பெரட்டு

அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இளசுகள் குறுக்குப் பாதையில் செடிகளைப் பிளந்துகொண்டு பாய்ந்தார்கள். மாரியாயி அக்கா அந்த வயதில் சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்கினாள். புஷ்பமும் நானும் லயத்துப் பக்கம் ஓடினோம். என் டவுன் செருப்பு முதல் சறுக்கலிலேயே காலை வாரிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், கறுப்பு ரிப்பன். மடியில் கவின். அவனுக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கோபிக்கவில்லை, அழவில்லை.

"பரவால்ல பெரியம்மா. நான் அடுத்த வருசம் எழுதிக்கிறேன்," என்றாள்.

புஷ்பத்தின் முகத்தை நான் பார்த்தேன். அவள் குனிந்து கவினை அள்ளினாள். அவன் அக்காவின் பின்னல் இரண்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். புஷ்பம் விரல் விரலாகப் பிரித்தாள். அவன் அவள் கையைக் கடித்தான். "கடிடா ராசா, நல்லாக் கடி," என்றாள் அவள், விடாமல் பிரித்துக்கொண்டே. "சரோ, இழுத்துக்கிட்டு ஓடு!"

அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, பேனா. மேசையில் எல்லாம் அடுக்கித்தான் இருந்தன. பிள்ளைக்குப் போக ஆசை இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டுமா? அள்ளி அவள் கையில் திணித்து, மற்றக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மேலே களத்தில் நின்ற கங்காணியிடமிருந்து கூவல் கேட்டது. "கூ... பொறப்பட்டாச்சா?"

"பொறப்பட்டாச்சு!" என்று லயத்திலிருந்து புஷ்பம் கூவினாள். அதை நடு மலையில் ஒருத்தி வாங்கிக் கீழே விட்டாள். அங்கிருந்து இன்னொருத்தி ரோட்டுக்கு விட்டாள். மூடுபனிக்குள் ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் மலை முழுக்க இறங்கிப் போனது. "வாரா... வாரா... தர்ஷினி வாரா..."

கீழே நாங்கள் வந்து விழுந்தபோது பஸ் நின்றிருந்தது. நடு ரோட்டில், பஸ்ஸின் மூக்கு இடிக்கிற தூரத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மாரியாயி அக்கா. கண்டக்டர் சிங்களப் பையன், படியில் தொங்கிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"மல்லி, விபாகெட்ட யன ளமெயெக் எனவா! பொட்டக் இன்ன!" பரீட்சைக்குப் போகிற பிள்ளை வருகிறது, கொஞ்சம் நில்லு தம்பி என்று அக்கா அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், அவன் சரி என்ற பிறகும்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். "துவன்ன துவே, துவன்ன!" என்று ஒரு சிங்கள அம்மா கையை அடித்து அடித்துக் கூப்பிட்டாள். ஓடி வா மகளே என்று. "ஓடியா புள்ள!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு தாத்தா. கண்டக்டர் பையன் கையைக் கொடுத்து அவளைப் படியில் தூக்கிக்கொண்டான். உள்ளே யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பஸ் புறப்பட்டது.

நாங்கள் கத்தினோம். என்ன கத்தினோம் என்று எனக்கு நினைவில்லை. நான் ஓர் ஆசிரியை, நாவலாசிரியை, சேலை முழங்கால் வரை சேறு, கையில் செருப்பு. நடு ரோட்டில் குதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் குதித்ததில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு ராமையா அண்ணன் இறங்கி வந்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெரட்டு நேரம் எப்போதோ போய்விட்டது. அவர் ரோட்டோரத்தில் நின்று, தூறலுக்குச் செக்ரோலைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கிப் பெரட்டு ரோட்டுல," என்றார். "மாரியாயி!"

"இருக்கேன்!"

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒருத்திக்கும் அரைப்பேர் விழவில்லை. கடைசியில், "நாளைக்கி யாரு போறதுன்னு இனி நான்தான் சொல்லுவேன். ஒங்க யோசனையெல்லாம் போதும்," என்று திட்டினார். பரீட்சை முடிகிற வரை அப்படியே சொன்னார். வரிசை பிசகவில்லை.

தேத்தண்ணி நேரம்

அன்று மலையில் கை ஓடியதே தவிர ஒருத்தியும் கதை கேட்கவில்லை. காலையில் நடந்ததையே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் பஸ்ஸை மாரியாயி அக்கா கையால் பிடித்து நிறுத்தியதாக ஆகிவிட்டது.

தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது அவளே சொன்னாள். "சரி, கடைசியையும் வாசிச்சிரு சரோ."

கவினைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் புஷ்பமும் வந்திருந்தாள். கையில் பல் பட்ட தடம் சிவந்திருந்தது. நான் புத்தகத்தைத் திறந்தேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன். செல்வி தம்பிக்குத் தலை வாருகிறாள். பஸ் போகிறது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் புஷ்பத்தைப் பார்த்தார்கள்.

"அப்பிடித்தான் நடந்துச்சு," என்றாள் அவள். தேத்தண்ணி மண்டியைச் செடிக்கடியில் ஊற்றிவிட்டு எழுந்தாள். "நல்லா எழுதியிருக்க சரோ. இந்த மனுசங்க அன்னைக்கி இல்லாமப் போயிட்டாங்க."

பிறகு எனக்கு ஒரு பரிசு கூடக் கிடைத்தது. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதையெல்லாம் விட இந்த "நல்லா எழுதியிருக்க"தான் எனக்குப் பெரிது. சும்மா அடக்கத்துக்குச் சொல்லவில்லை.

அவள் கேட்டது

சாயங்காலம் தர்ஷினி நேரே புஷ்பத்தின் வீட்டுக்கு வந்தாள். கவின் புஷ்பத்தின் மடியில் தூங்கிப்போயிருந்தான். காலையில் கடித்த கையிலேயே தலையை வைத்துக்கொண்டு.

"எப்பிடி எழுதுன?" என்றோம்.

"கடைசிக் கேள்விக்கு நேரம் போதல. மத்ததெல்லாம் எழுதிட்டேன்." சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டித் தம்பியைத் தூக்க வந்தாள். "தாங்க பெரியம்மா, நான் போய் ஒலை வைக்கணும்."

"அவன் கெடக்கட்டும். நீ கையக் கழுவிட்டு வந்து ஒக்காரு."

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். உட்காரத் தெரியாமல் நின்றாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்தாள். புஷ்பத்தால் எழ முடியாது என்பதால் நான்தான் சோறு போட்டேன். பருப்பும், கருவாட்டுக் குழம்பும். முதலில் அவள் எங்களையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. "எல்லாருக்கும் இருக்கு, நீ தின்னு," என்றாள் புஷ்பம். அப்புறம் குனிந்தவள் நிமிரவில்லை. உறைப்புக்கு மூக்கில் நீர் வடிய வடியச் சாப்பிட்டாள். நாக்கை மடித்துக்கொண்டு, பருப்பைச் சோற்றில் குழி பண்ணி ஊற்றிச் சாப்பிட்டாள். அப்போதுதான் அவள் எவ்வளவு சின்னப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது.

என் நாவலில் செல்வி எத்தனையோ முறை சோறு ஆக்குகிறாள், பங்கு வைக்கிறாள், பானையைக் கழுவி வைக்கிறாள். ஒரு முறை கூட அவள் யாரிடமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை.

தட்டு காலியானது. தர்ஷினி விரலைச் சூப்பினாள். வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா டீச்சர்?"

பானையையே தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.